வீடும் வேலைக்கூடமும் ஒரே கூரையின் கீழ்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பேருந்தில் போகிறவர்கள் வழியில் காரியாபட்டியைக் கடக்கிறார்கள். அடுத்த முறை அந்த வழியாகப் போனால், அல்லது உங்கள் ஊர்க் கடைத்தெருவிலேயே நடந்து போனால், வீடுகளைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒரு வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு வீட்டின் திண்ணையில் பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருப்பார்கள். மற்றொன்றில் மாவு மில்லோ, சைக்கிள் பழுது பார்க்கும் கடையோ இருக்கும். உள்ளே அடுப்பு எரியும், குழந்தை தூங்கும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒரு மூலையில் சுருண்டு உட்கார்ந்திருக்கும்.

வேலைக்கு ஓர் இடம், வாழ ஓர் இடம் என்று பிரித்து வைத்துக்கொள்ளும் வசதி எல்லாருக்கும் இல்லை. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் வாடகை மிச்சம், நடை மிச்சம். ஆனால் வேலையின் தூசியும், சத்தமும், நெடியும் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது அல்லவா? இந்தச் சிக்கலைத் தீர்க்க நீங்கள் பள்ளியில் படிக்கும் அறிவியலும் கணக்குமே போதும். வாருங்கள், ஒரு வீட்டை நாமே திட்டமிட்டுப் பார்ப்போம்.

நெசவாளர் வீடு சொல்லும் பாடம்

முதலில் பழைய அனுபவத்தைப் பார்ப்போம். காரியாபட்டிக்குத் தெற்கே உள்ள அருப்புக்கோட்டை கைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர். கைத்தறி நெசவாளரின் வீடே அவருடைய தொழிற்சாலை. அங்கே குழித்தறியைப் பார்த்திருக்கிறீர்களா? தரையில் ஒரு குழி வெட்டி, அதில் காலை இறக்கி, தரை மட்டத்தில் உட்கார்ந்து நெய்வார்கள். மிதிகட்டைகள் குழிக்குள் இருக்கும்.

இதனால் தறிக்கு உயரமான கூரை தேவையில்லை என்பது ஒரு நன்மை. மற்றொரு நன்மையும் உண்டு. பருத்தி நூல் ஈரமாக இருக்கும்போது வலுவாக இருக்கும். காய்ந்தால் எளிதில் அறுந்துவிடும். மண்தரையை ஒட்டிய காற்றில் ஈரம் சற்று அதிகம். ஆகவே தரையோடு தரையாக இருக்கும் தறியில் நூல் அறுவது குறைகிறது.

பாவு நூலை நீள இழுத்துக் கட்டிக் கஞ்சி பூச வேண்டுமானால் வீட்டின் நீளம் போதாது. ஆகவே அந்த வேலை அதிகாலையில் தெருவில் நடக்கும். வெயில் ஏறி, காற்று கிளம்பினால் கஞ்சி சீக்கிரம் காய்ந்துவிடும்; அதனால்தான் அந்த நேரம். ஆக, நெசவாளர் வீட்டுக்குத் தெருவும் ஓர் அறை! எந்த வேலைக்கு எவ்வளவு இடம், என்ன ஒளி, எவ்வளவு ஈரம், எந்த நேரம் என்று கேட்டுத்தான் அந்த வீடு அமைந்திருக்கிறது. நாமும் அதே கேள்விகளைக் கேட்போம்.

நம் மனையும் மனிதர்களும்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை ஓவியர், படங்கள் தீட்டுவார், பெயர்ப் பலகைகளும் எழுதுவார். சிவகாசி வட்டாரத்துக்கு இது பழக்கமான தொழில். நாடகத் திரைச்சீலைகள் தீட்டி, பின் கோவில்பட்டியில் சீடர்களோடு இருந்து தெய்வப் படங்கள் வரைந்தவர் சி. கொண்டையராஜூ (1898–1976). அவருடைய படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாகி வீடுதோறும் போய்ச் சேர்ந்தன. நம் ஓவியரின் மனைவி தையல் வேலை செய்கிறார். மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள்.

காரியாபட்டியில் அவர்களுடைய மனை 20 அடி அகலம், 60 அடி நீளம். அதாவது 1,200 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி ஆகையால் ஏறத்தாழ இரண்டே முக்கால் சென்ட். தெரு வடக்கே இருக்கிறது. கிழக்கிலும் மேற்கிலும் பக்கத்து வீடுகளின் சுவர்கள். ஆகவே சன்னல் வைக்க வடக்கும் தெற்கும் மட்டுமே உண்டு. ஒரு தாளில் இந்த நீள்சதுரத்தை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். 10 அடிக்கு 2 சென்டிமீட்டர் என்று அளவு வைத்தால் படம் 4 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் நீளம் வரும்.

வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும்?

பக்கச் சன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் அறைக்குள் எவ்வளவு தூரம் பயன்படும்? கட்டடக் கலைஞர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். சன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் வரை நல்ல வெளிச்சம் கிடைக்கும்.

வீட்டின் முன்னே 5 அடி திண்ணைக்கும், பின்னே 8 அடி கொல்லைக்கும் விட்டுவிடுவோம். மீதி 47 அடி. முன்சன்னலின் மேல்விளிம்பு 8 அடி உயரத்தில் இருந்தால் 16 அடி வரை வெளிச்சம். பின்சன்னல் 7 அடி என்றால் 14 அடி. கூட்டினால் 30 அடி. மீதியுள்ள 17 அடி பகலிலும் இருட்டு!

பெரும்பாலான வீடுகளில் இந்த இருட்டில் யார் உட்காருகிறார்கள் என்று கவனியுங்கள். வாடிக்கையாளர் வரும் முன்னறை தந்தையின் தொழிலுக்குப் போய்விடும். தாயின் தையல் இயந்திரமும் பிள்ளையின் புத்தகப் பையும் நடுவிலுள்ள இருட்டு வழிக்குத் தள்ளப்படும். ஊசிக் காதில் நூல் கோக்கிறவருக்குத்தான் அதிக வெளிச்சம் வேண்டும். அவருக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. வெட்டவெளி வெயிலில் ஒளியின் அளவு சுமார் 1,00,000 லக்ஸ். படிப்பதற்கு 300 லக்ஸ் போதும். தையலுக்கு அதைவிட அதிகம் வேண்டும். வெளியே இவ்வளவு கொட்டிக் கிடக்க, உள்ளே பகலில் விளக்குப் போடுவது நம் திட்டத்தின் குறையே தவிர வேறில்லை.

இதற்கு மருந்து நம் முன்னோர் அறிந்ததே: முற்றம். வீட்டின் நடுவே 9 அடி நீளத்துக்கு வானத்தைத் திறந்துவிட்டால் அந்த இருட்டு உடைகிறது. முற்றத்தைச் சுற்றியுள்ள சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் சுமார் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பும். பூசாத சிமெண்டுச் சுவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கூடத் திருப்பி அனுப்பாது.

கொழும்பு நகரத்திலும் இதே தீர்வைக் கையாண்டார்கள். பத்திக் துணி ஓவியத்தில் புகழ்பெற்ற ஈனா த சில்வாவின் குடும்பத்துக்காக, இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) 1960-களின் தொடக்கத்தில் ஒரு வீடு கட்டினார். நெருக்கமான நகரப் பகுதியில் அளவான மனை. வாழும் அறைகளோடு வேலைக்கான இடங்களும் வேண்டும். பாவா வீட்டைத் தெருவை நோக்கித் திறக்காமல், நடுவில் பெரிய முற்றம் வைத்து உள்நோக்கித் திறந்தார். ஒளியும் காற்றும் வானத்திலிருந்து வந்தன. பல ஆண்டுகளுக்குப் பின் அந்த இடம் வேறு உபயோகத்துக்குத் தேவைப்பட்டபோது, வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்தெடுத்து, பெந்தோட்டை அருகே பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் மறுபடி எழுப்பினார்கள். 2016-ல் அந்த வேலை முடிந்தது.

வடக்கு வெளிச்சம்: ஒரு சிறு திருத்தம்

‘ஓவியக்கூடத்துக்கு வடக்குப் பக்கச் சன்னல்தான் சிறந்தது’ என்று புத்தகங்கள் சொல்லும். ஏன்? வடக்குச் சன்னலில் நேரடி வெயில் விழாது. வானத்தின் சீரான ஒளி மட்டும் வரும். நிறங்கள் நாள் முழுதும் ஒரே மாதிரி தெரியும் என்பது காரணம்.

ஆனால் இந்த விதி ஐரோப்பாவில் பிறந்தது. லண்டன் 51.5 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுதும் நண்பகல் சூரியன் தெற்கிலேயே இருக்கும். காரியாபட்டி சுமார் 9.7 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் வடக்கே 23.4 டிகிரி வரை போய்த் திரும்புவதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். அப்படியானால் போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையும் நம் தலைக்கு நேர் மேலே கடந்தாக வேண்டும். அது ஏப்ரல் நடுவில், சித்திரை பிறப்பதை ஒட்டி ஒரு முறையும், ஆகஸ்டு கடைசி வாரத்தில் ஒரு முறையும் நிகழ்கிறது. அந்த நாளின் நண்பகலில் நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. இரண்டுக்கும் இடைப்பட்ட நாலரை மாதம் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். எனவே நம் ஊரில் வடக்குச் சன்னலிலும் வெயில் விழும்!

எவ்வளவு விழும்? கணக்கிடுவோம். ஜூன் 21 நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து வடக்கே 23.4 − 9.7 = 13.7 டிகிரி சாய்ந்திருக்கும். டிசம்பர் 21-ல் தெற்கே 23.4 + 9.7 = 33.1 டிகிரி. சன்னலை முழுதும் மறைக்க, அதன் மேல்விளிம்பில் எவ்வளவு நீளத்துக்கு சன்ஷேடு நீட்ட வேண்டும்? பத்தாம் வகுப்பில் படிக்கும் டேன்ஜென்ட் இங்கே உதவுகிறது. சன்னல் உயரத்தை இந்தக் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்க வேண்டும்.

வடக்குச் சன்னல் 4 அடி உயரம்: 4 × 0.244 = சுமார் 1 அடி.
தெற்குச் சன்னல் 4 அடி உயரம்: 4 × 0.652 = சுமார் 2.6 அடி.

ஆக வடக்குச் சன்னலுக்கு ஓரடி சன்ஷேடு நண்பகலுக்குப் போதும். ஆனால் ஜூன் மாதக் காலையில் சூரியன் கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும். மாலையில் மேற்கிலிருந்து அவ்வளவே தள்ளி மறையும். அந்தத் தாழ்ந்த வெயில் சன்ஷேடுக்குக் கீழே சாய்வாக நுழையும். அதைத் தடுக்க சன்னலின் இரு பக்கங்களிலும் நெட்டுக்குத்தாக ஓரடி அகலப் பலகையோ செங்கல் சுவரோ நிறுத்த வேண்டும். எங்கோ எழுதிய விதியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் நம் ஊரின் அட்சரேகையைப் போட்டுப் பார்த்ததால் இது தெரிந்தது.

வெப்பம் வரும் வழி

நம் பகுதியில் சூரியன் தலைக்கு மேலே நிற்பதால் வீட்டின் மிகச் சூடான பகுதி கூரைதான். கான்கிரீட் கூரை நண்பகலில் வாங்கும் வெப்பத்தை உடனே உள்ளே விடாது. சில மணி நேரம் கழித்தே விடும். கோடையில் மாலையிலும் முன்னிரவிலும் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை அனலாய்க் கொதிப்பது இதனால்தான். மாடியில் தட்டோடு பதித்து, அதன்மேல் வெள்ளை அடித்தால் வெப்பத்தின் பெரும்பகுதி உள்ளே நுழையும் முன்பே வானத்துக்குத் திரும்பிவிடும். முற்றமும் உதவும். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே ஏறிப் போக, திண்ணைப் பக்கமும் கொல்லைப் பக்கமும் இருந்து புதுக் காற்று உள்ளே வரும்.

தரையில் ஓடும் ஆபத்து

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். ஓவியரிடம் தின்னர் இருக்கும். அதில் பெரும்பாலும் டொலுவீன் போன்ற திரவங்கள் கலந்திருக்கும். டொலுவீனின் மூலக்கூறு நிறை 92; காற்றின் சராசரி மூலக்கூறு நிறை 29. ஆகவே டொலுவீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. அது மேலே ஏறாது. தண்ணீரைப் போலத் தரையில் படர்ந்து ஓடும். சமையல் வாயுவும் அப்படியே: புரோப்பேன் 44, பியூட்டேன் 58. ‘சன்னல் திறந்திருக்கிறதே’ என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, எரியும் ஆவி நம் கணுக்காலை உரசிக்கொண்டு அடுப்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கலாம்.

எனவே இரண்டு முடிவுகள். வேலைக்கூடத்திலும் சமையலறையிலும் தரையை ஒட்டிக் காற்று வெளியேறும் துவாரங்கள் வேண்டும். இரண்டாவது, அந்த இரண்டு அறைகளும் வீட்டின் எதிரெதிர்க் கோடிகளில் இருக்க வேண்டும். நடுவே திறந்த முற்றம் வேண்டும். நம் முற்றத்துக்கு வெளிச்சம் தருவதோடு இன்னொரு வேலையும் கிடைத்துவிட்டது பாருங்கள்.

பழைய பெயிண்டைச் சுரண்டும்போது எழும் தூசியில் ஈயம் இருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் 2016-ல் விதி வகுத்தார்கள். அதற்கு முன் பூசிய பலகைகளும் கதவுகளும் இன்னும் இருக்கின்றன. ஆகவே சுரண்டும் வேலை திண்ணைக்கு வெளியே, பலகையை நனைத்துக்கொண்டு நடக்கட்டும். ஓவியர் கைகால் கழுவிய பிறகே உள்ளே வர, வேலைக்கூடத்துக்கும் முற்றத்துக்கும் இடையில் ஒரு தண்ணீர்க் குழாய் வைப்போம்.

நம் வரைபடம்

இனித் தாளை எடுங்கள். வடக்கிலிருந்து தெற்காக: திண்ணை 5 அடி, வேலைக்கூடம் 16 அடி, முற்றமும் அதன் ஓரத்தில் கூரையிட்ட நடைவழியும் மாடிப்படியும் 9 அடி, கூடம் 14 அடி, சமையலறை 8 அடி, கொல்லை 8 அடி. கூட்டிப் பாருங்கள், 60 வருகிறதா?

தையல் இயந்திரத்தின் இடம் எது? கூடத்தில், முற்றத்தைப் பார்த்த சன்னலோரம். அங்கே வெளிச்சம் உண்டு; ஓவியக்கூடத்தின் நெடி இல்லை. மகளுக்குக் கூடத்தின் மேலே மாடியில் ஒரு சிறு அறை. அதன் தெற்குச் சன்னலுக்கு 2.6 அடி சன்ஷேடு. வேலைக்கூடத்தின் கதவும் கூடத்தின் கதவும் நேருக்கு நேர் வராமல் ஒதுக்கி வையுங்கள். செங்கல் சுவர் சத்தத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் கதவிடுக்கு ஒன்று போதும், சத்தம் எல்லாம் அதன் வழியே வந்துவிடும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்கிறது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. நம் சத்தம் அண்டை வீட்டாருக்கும் கேட்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

எந்தத் திட்டத்திலும் அடங்காத வேலை

‘நல்ல திட்டம் போட்டால் எந்த வேலையையும் வீட்டில் செய்யலாமா?’ என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பட்டாசு வேலை வீட்டுக்கு உரியதல்ல.

காரணம் ஒரு கனமூலம். வெடியின் அதிர்வலையிலிருந்து தப்ப வேண்டிய தூரம் வெடிமருந்து அளவின் கனமூலத்துக்கு ஏற்ப மாறும். மருந்து 8 மடங்கானால் தூரம் 2 மடங்காக வேண்டும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மருந்தைப் பாதியாக்கினால் தூரம் பாதியாகுமா? ஆகாது, முன்பிருந்ததில் 0.79 பங்கு தூரம் இன்னமும் வேண்டும். எட்டில் ஒரு பங்காக்கினாலும் பாதித் தூரம் வேண்டும். ‘கொஞ்சம் மருந்துதானே’ என்ற பேச்சைக் கணக்கு ஒப்புக்கொள்வதில்லை. 20 அடி மனையில் அந்தத் தூரத்துக்கு எங்கே போவது? சுவர் காப்பாற்றும் என்றும் நினைக்க வேண்டாம். வெடியில் சுவரே கல்லாகப் பறக்கும்.

உரிமம் பெற்ற ஆலைகளில் சிறுசிறு அறைகளை இடைவெளி விட்டுத் தள்ளித் தள்ளிக் கட்டுவது இதற்காகவே. ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதற்கெல்லாம் வரம்பு உண்டு. அந்த வரம்புகளை மீறினால் ஆலையிலேயே என்ன நடக்கும் என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பார்த்தோம். முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். உரிமமில்லாமல் வீட்டில் செய்வது சட்டப்படி குற்றம். கூலி கிடைக்கிறதே என்று செய்யப் போய், வீட்டோடும் அண்டை வீட்டோடும் அழிந்த குடும்பங்களைப் பற்றி நீங்களே செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அடுப்பும் குழந்தையும் இருக்கும் இடத்தில் உராய்வு ஒன்று போதும். அந்த வேலைக்கு வீட்டில் சரியான அறை எது என்று தேட வேண்டாம்; அப்படி ஓர் அறை கிடையாது.

செய்து பாருங்கள்

1. பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர் கம்பை நேராக நட்டு, வாரம் ஒரு முறை நண்பகல் நிழலைக் குறித்து வாருங்கள். நிழல் வடக்கிலிருந்து தெற்குப் பக்கம் மாறும் நாள் எது என்று கண்டுபிடியுங்கள்.

2. மூடியோடு கூடிய செருப்பு அட்டைப்பெட்டி ஒன்றில் நம் வீட்டின் மாதிரி செய்யுங்கள். மூடியின் நடுவே முற்றத்துக்குச் சதுரம் வெட்டி, பக்கவாட்டில் சிறு துளையிட்டு உள்ளே பாருங்கள். உள்சுவருக்கு ஒரு முறை வெள்ளைத்தாளும் ஒரு முறை கறுப்புத்தாளும் ஒட்டினால் வித்தியாசம் தெரியும்.

3. உங்கள் சொந்த வீட்டின் வரைபடத்தைப் போடுங்கள். அதில் யார் யார், எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்று குறியுங்கள். பகலில் விளக்கில்லாமல் செய்தித்தாளின் சிறிய எழுத்தைப் படிக்க முடியாத இடங்களைப் பென்சிலால் கறுப்பாக்குங்கள்.

மூன்றாவது சோதனையை முடித்ததும், உங்கள் வீட்டில் கறுப்புக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பாருங்கள். அநேகமாக அவர் நீங்கள் நன்கு அறிந்தவராகவே இருப்பார். வீட்டை இடித்துக் கட்ட வேண்டியதில்லை. ஒரு இயந்திரத்தைச் சன்னலோரம் நகர்த்துவது, ஒரு சுவருக்கு வெள்ளையடிப்பது, ஒரு தின்னர் டப்பாவை அடுப்பிலிருந்து தள்ளி வைப்பது ஆகியவற்றை இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடலாம்.